பாஸ்வேர்டை மாற்றியும் திரும்பி வந்த போன்

போன மாதம் ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தபோது, இணைந்திருந்தவற்றின் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு போன் இருந்தது. வைஃபைக்கு டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறைதான் வைத்திருந்தேன். பாஸ்வேர்டு 20 எழுத்து, யாரிடமும் சொன்னதில்லை. உடனே மாற்றினேன். மூன்றாம் நாள் அதே போன் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. தூக்கமே போய்விட்டது.

அப்புறம்தான் டபிள்யூபிஎஸ் கண்ணில் பட்டது. பாஸ்வேர்டு அடிக்காமல் 8 இலக்கப் பின் நம்பரை வைத்தே இணைய விடும் வசதி அது. 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. போதாததற்கு, ரூட்டர் அந்தப் பின் நம்பரை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. முதல் பாதி சரியா தவறா என்பது தனியாகவே தெரிந்துவிடும். முதல் நான்கு இலக்கத்துக்கு 10,000, அதோடு அடுத்த மூன்றுக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சிக்குள் கதை முடிந்தது. 2011 டிசம்பரிலேயே வெளியே வந்த ஓட்டை இது. பின் நம்பர் கிடைத்தவருக்கு ரூட்டரே புதுப் பாஸ்வேர்டையும் கொடுத்துவிடும். எனக்கும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துப் பாஸ்வேர்டை மாற்றியபின் அந்தப் போன் வரவே இல்லை.

பதில்:
எனக்கு பாஸ்வேர்டே காலை வாரியது. நெட்வொர்க் வேலை பார்க்கும் நண்பரிடம் என் வைஃபையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். என் போனின் இணைப்பை ஒரு நொடி அறுத்தார். அது தானாகத் திரும்ப இணையும்போது போனும் ரூட்டரும் பாஸ்வேர்டைச் சரிபார்த்துக்கொள்ளும் பரிமாற்றமான ஹேண்ட்ஷேக்கைப் பதிவு செய்துகொண்டு கிளம்பிவிட்டார். அதை வைத்துப் பாஸ்வேர்டை ஊகிக்கும் வேலை முழுக்க அவருடைய கம்ப்யூட்டரில்தான். பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்திருந்தேன். அன்று மாலையே சரியாகச் சொல்லிவிட்டார். இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள். அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-இல் இப்படிப் பதிவு செய்து எடுத்துப்போய் ஊகிக்க முடியாது, ஒவ்வொரு ஊகத்தையும் நேரில் முயன்று பார்க்க வேண்டும். பழைய கருவிகளுக்காக இரண்டையும் கலந்து வைத்தால் மட்டும் டபிள்யூபிஏ2-இன் பலவீனம் அப்படியே தொடரும்.

பதில்:
டபிள்யூபிஏ2-ஐக் குறிவைக்கும் கிராக் (KRACK) தாக்குதலையும் மறக்காதீர்கள். 2017-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்டது. அது ஹேண்ட்ஷேக்கின் குறை என்பதால் பாஸ்வேர்டு மாற்றிப் பயனில்லை, அப்டேட்தான் மருந்து. என்னிடம் இருந்த பழைய கேமராவுக்கு அப்டேட்டே வரவில்லை. அதை மற்றக் கருவிகளிலிருந்து பிரித்து வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளிவிட்டேன். புதியது வாங்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.