ஹெதர் வெளியில் மம்மர்ஸ் கூத்து: எந்த மாதம் வைக்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தின் டார்செட்டில் இருக்கிறேன். இங்கே ஹெதர் என்ற குறும்புதர் மண்டிய பர்பெக் ஹீத்ஸ் வெளியை 2020இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். அதைக் கொண்டாட ஊர்க்காரர்களோடு திறந்தவெளியில் மம்மர்ஸ் கூத்து (வேஷம் கட்டி ஆடும் ஆங்கிலேய நாட்டுப்புற நாடகம்) போட ஆசை. என் வேஷத்துக்குக் கந்தல் நாடாக்களைக்கூடத் தைத்து முடித்துவிட்டேன். மே மாதம் சரியா?

பதில் 1: மே வேண்டாங்க. பக்கி என்ற இராப்பறவை முட்டையிடத் தொடங்கும் காலம் அது. அந்தப் பறவை கூடு கட்டாது, வெறுந்தரையில்தான் முட்டையிடும். சருகு நிறத்தில் அது உட்கார்ந்திருப்பது காலடியில்கூடத் தெரியாது. செப்டம்பர் தொடக்கத்தில் வையுங்கள், ஹெதரின் ஊதாப் பூவும் மிச்சமிருக்கும்.

பதில் 2: தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். காய்ந்த ஹெதர் சட்டென்று பற்றும், மணல் பல்லிகள் தப்பாது. கார் நிறுத்தும் இடத்திலேயே ஆடுங்கள். அப்புறம், காப்பக ஆட்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

கேட்டவர்: சரி, செப்டம்பர்தான். பந்தம் கிடையாது. நாடாவில் இன்னும் கொஞ்சம் ஊதா சேர்க்கிறேன்.