குறுந்தேர்வு வைத்தால் மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்: தொடரலாமா?

கேள்வி (புள்ளியியல் ஆசிரியர்):
இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். கருதுகோள் சோதனையை விளக்கும்போது எல்லோரும் புரிந்ததாகத் தலையசைக்கிறார்கள். ஆனால் சில வாரங்கள் கழித்துப் பி-மதிப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டால், 'இன்மைக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு' என்று தவறாக எழுதுகிறார்கள். (வேறுபாடோ விளைவோ இல்லை என்ற அனுமானமே இன்மைக் கருதுகோள். அது உண்மை என்று கொண்டால், கிடைத்த அளவுக்கோ அதற்கு மேலோ விலகிய தரவு வருவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு.) அறிவாற்றல் அறிவியல் ஆய்வுகளைப் படித்த பின், வகுப்பின் தொடக்கத்தில் பழைய பாடத்திலிருந்து சிறு தேர்வு வைக்கத் தொடங்கினேன். பருவ நடுவில் கருத்துக் கேட்டபோது, பாடம் நடத்தும் நேரம் வீணாகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தொடர்வதா, விடுவதா?

மறுமொழி (உளவியல் துறை):
தொடருங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றொன்றை ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இருமுறை படித்ததே முந்தியது: நினைவில் வந்தது 81 விழுக்காடு, மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: 42, 56. உங்கள் மாணவர்கள் அந்த ஐந்து நிமிட அனுபவத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

வினாவின் வடிவத்தையும் கவனியுங்கள். வரையறையைக் கேட்பதைவிட, 'பி-மதிப்பு 0.03 என்று வந்திருக்கிறது. இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?' என்று கேட்டால் தவறான புரிதல் உடனே வெளிப்படும். அங்கேயே விடையை விளக்கிவிடுங்கள். இத்தேர்வுக்கு ஒதுக்கும் மதிப்பெண் மிகக் குறைவாக இருப்பது நல்லது, மதிப்பெண்ணே இல்லாவிட்டாலும் கேடில்லை.

மறுமொழி (இயற்பியல் கற்பிப்பவர்):
கருத்துக்கணிப்பைக் கண்டு கலங்க வேண்டாம். ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் மாணவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வகுப்பிலேயே தாங்களாகக் கணக்குகளோடு முட்டிமோதியவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை தரும் நிறைவு அத்தகையது. முதல் வகுப்பிலேயே இதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

மறுமொழி (கணிதத் துறை):
ஓர் எச்சரிக்கை. முற்றிலும் புதிய பாடத்தில், தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் சிலவற்றைப் பார்க்கும் முன்பே கணக்கைத் தலையில் கட்டினால், கற்பதற்கு வேண்டிய கவனம் தேடித் தடுமாறுவதிலேயே தீர்ந்துவிடும்.

அந்தத் தொடக்க நிலையைத் தாண்டியபின் பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுங்கள். டி-சோதனை (சராசரிகளை ஒப்பிடுவது) அதிகாரத்தின் பயிற்சியில் எந்தச் சோதனை என்று மாணவர் யோசிப்பதே இல்லை. அதிகாரத் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. கை-வர்க்கம் (வகைவாரி எண்ணிக்கைகளை ஒப்பிடுவது), டி-சோதனை, ஒட்டுறவு (இரு அளவுகள் சேர்ந்து மாறுவதை அளப்பது) மூன்றையும் கலைத்துப் போட்டு, கணக்கிட வேண்டாம், பொருத்தமான சோதனையையும் அதற்கான காரணத்தையும் மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரோரரும் டெய்லரும் 2007இல் கன அளவுக் கணக்குகளில் இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் பெற்றது 20 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் பெற்றது 63.

கேட்டவர்:
நன்றி. இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. ஒரே கருத்தை எவ்வளவு இடைவெளியில் மீண்டும் கேட்கலாம்?

மறுமொழி (உளவியல் துறை):
செப்பேடாவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் நினைவில் நிற்க வேண்டுமானால் அக்காலத்தில் 20 முதல் 40 விழுக்காடும், ஓராண்டு நிற்க வேண்டுமானால் 5 முதல் 10 விழுக்காடும் சிறந்த இடைவெளி. உங்களுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் பொருந்தும். ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மிகக் குறுகிய இடைவெளிதான் அதிக நட்டம்.