புதுப்பிப்பு: ஓடையில் ஆக்சிஜன் அளவு காலைக்கும் மதியத்துக்கும் மாறியது ஏன்?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஓடையில் ஒரே இடத்தில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் காலையில் 4, மதியத்தில் 9 மில்லிகிராம் வருகிறதே, அளக்கும் கிட் பழுதா என்று கேட்டிருந்தேன். கிட் சரிதான். விடியுமுன்னும் மதியம் மூன்று மணிக்கும் அளந்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது: பாசி பகலில் ஆக்சிஜனை விடுகிறது, இரவெல்லாம் அதுவே இழுத்துக்கொள்கிறது, அதனால் மீன்கள் பிழைக்குமா என்று தெரிய விடியற்காலை அளவைத்தான் பார்க்க வேண்டும், அது 5-க்குக் கீழே போனால் கஷ்டம்.

எதிர்பாராத ஒன்று: தடுப்பணைக்கு மேலே கல்லைப் புரட்டினால் ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீரில் வாழும் மூன்று வால் மேஃப்ளை இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கீழே சாக்கடை சேரும் இடத்துச் சேற்றில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும் சிவப்பு ரத்தப்புழு மட்டும்தான். பாசிக்குத் தீனி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அடுத்து அங்கே அந்தத் தீனியான நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு என்று பார்க்கப்போகிறோம்.