மதுரை – துபாய்: போக 2 மணி 50 நிமிடம், வர ஐந்தரை மணி நேரமா?

மேலூர்க்காரன்:
பொங்கல் முடிந்து அம்மா துபாய் போகிறார். 63 வயது, முதல் விமானப் பயணம், துணைக்கு ஆள் இல்லை. அங்கே அக்கா வந்து அழைத்துக்கொள்வாள். டிக்கெட்டில் மதுரையில் பகல் 12:05-க்குக் கிளம்பி 2:55-க்கு இறங்கும் என்று இருக்கிறது. திரும்பும்போது காலை 6:30-க்குக் கிளம்பி மதுரைக்கு 12:00. ஒரே தூரத்துக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா? இல்லை, வரும்போது நடுவில் எங்காவது நிற்குமா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மதியம் 2 மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுவார். "இறங்கினதும் சாப்பிட்டுக்கலாம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை:
எங்கும் நிற்காது தம்பி. கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது அதைக் கூட்டுங்கள், 4 மணி 20 நிமிடம். வரும்போது கழியுங்கள், சரியாக 4 மணி.

மேலூர்க்காரன்:
புரிந்தது அண்ணே. ஆனால் வான்வழித் தூரம் சுமார் 2,950 கி.மீ.தான். மணிக்கு 840 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே? வருவதைவிடப் போக மட்டும் ஏன் 20 நிமிடம் கூடுதல்?

வைகைக்கரை:
டிக்கெட் நேரம் பறக்கிற நேரம் மட்டுமில்லை. நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, துபாய் வானில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் இதில் சேரும். அப்புறம் காற்று. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து பலமாக வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும்.

பெருங்குடி அக்கா:
தம்பி, காற்றை விடுங்கள், முதலில் மாத்திரையைப் பாருங்கள். 2:55 என்பது நம் கணக்கில் 4:25. அதற்கப்புறம் குடியேற்ற வரிசை, பெட்டி. வெளியே வரவே ஐந்தரை ஆகலாம். அதுவரை அம்மா பட்டினி கிடக்கக் கூடாது. பொடி தடவிய இட்லி நாலு கட்டிக் கொடுங்கள், சட்னி வேண்டாம். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். விமானத்தில் வாட்சை மாற்ற வேண்டாம், நம்ம ஊர் 2 மணிக்கே சாப்பிடட்டும். இன்சுலின் போடுபவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக, 9 மணிக்கே வந்துவிடுங்கள். மாட்டுத்தாவணிக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வழியாக வாருங்கள்.

மேலூர்க்காரன்:
இன்சுலின் இல்லை அக்கா, மாத்திரை மட்டும்தான். நீங்கள் சொல்லாவிட்டால் இறங்கும்வரை வெறும் வயிறோடு உட்கார்ந்திருப்பார். ராத்திரி மாத்திரை நம் எட்டரை மணிக்கு, அங்கே 7 மணி. துபாய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை டப்பா மூடியில் 'வாட்சில் 2 மணி, இட்லி சாப்பிட்டபின்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அம்மா கண்ணாடி போடாமலே படித்துக் காட்டினார்.