புது சோல்ஃபுல் / டீப் ஹவுஸ் ரிலீஸ்: கடையில் ஒன்று, ஸ்பீக்கரில் வேறொன்று. அனுபவத்தைப் போடுங்கள்

நிசி909

வெள்ளிக்கிழமை இறங்கிய ஹவுஸ் (கிளப் நடன இசை) இபி. நாலு வெர்ஷன்: மெயின் வோகல், டப் (குரலைக் குறைத்து எஃபெக்ட் ஏற்றியது), இன்ஸ்ட்ருமென்டல், அகபெல்லா (குரல் மட்டும்). நாலும் 24 பிட் வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ். டிஜே மென்பொருள் ரெக்கார்ட்பாக்ஸ் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது, பீட்கிரிட் கச்சிதம், யூஎஸ்பி எஃப்ஏடி32. மேடையில் சிடிஜே-2000 நெக்ஸஸ் பிளேயர். டப்பை லோட் செய்ததும் திரையில் இ-8305 என்ற பிழைச் செய்தி. பிளே அழுத்தினால் அசைவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டில் 40 நொடி மிச்சம். 122 பிபிஎம்மில் அது 20 பார் (ஒரு பார் நாலு பீட்).

உறுத்துவது இதுதான்: அதே ஃபோல்டரில் மற்ற மூன்றும் ஓடுகின்றன. ஒரே லேபிள், ஒரே கடை, ஒரே நாள். 24 பிட்டை விட்டு 16-க்கு இறங்குவதுதான் வழி என்று படுகிறது. புது ரிலீஸ் இப்படிக் காலை வாரியது வேறு யாருக்கு? பாட்டு நல்லாயில்லை என்ற கதை வேண்டாம். நல்ல பாட்டு வேலை செய்யாத கதை வேண்டும்.

பிட்டும்பைட்டும்

24 பிட் மேல பழி போடாதீங்க அண்ணா. நெக்ஸஸ் 24 பிட்டை நல்லாவே வாசிக்கும், 44.1, 48 ரெண்டுலயும். அதனாலதான் மத்த மூணும் ஓடுது. சிக்கல் டப்போட ஹெடர்ல, அதாவது ஃபைல் என்ன வகைன்னு சொல்ற முன்பகுதியில. பெரும்பாலும் டப் வேற ஆள், வேற சாஃப்ட்வேர்ல ஃபைலா பவுன்ஸ் பண்ணி எடுத்திருப்பாங்க.

வேவ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறங்க. பூஜ்யத்துல இருந்து எண்ணி 20, 21-வது பைட்டைப் பாருங்க. 01 00-னு இருந்தா சாதா பிசிஎம். எஃப்இ எஃப்எஃப்-னு இருந்தா "எக்ஸ்டென்சிபிள்" வகை. உள்ள இருக்கற ஆடியோ ரெண்டுலயும் ஒண்ணுதான். பழைய பிளேயர் அந்த ரெண்டு பைட்டைப் பார்த்துட்டே கதவைச் சாத்திடும். லேப்டாப்புக்கு ரெண்டும் தெரியும், அதனால வீட்ல கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த ரெண்டு பைட்டை 01 00-னு மாத்தி சேவ் பண்ணா ஓடும். ஆனா ஃபைல் 32 பிட் ஃப்ளோட்டா இருந்தா இதைச் செய்யாதீங்க, வெறும் இரைச்சல்தான் வரும். இதைவிட நல்லது, வாங்கினதும் எல்லாத்தையும் ஏஐஎஃப்எஃப்-ஆ மாத்திடறது. மேக்ல எக்ஸ்எல்டி, விண்டோஸ்ல ஃபூபார்2000 போதும். ஒலித்தரம் துளி குறையாது, அட்டைப்படமும் டேக்கும் ஒட்டியே இருக்கும். வேவ்ல டேக் எப்பவும் சந்தேகம்தான்.

ஒண்ணு கவனிங்க: எஃப்எஃப்எம்பெக்ங்கற ஃபைல் மாத்தற சாஃப்ட்வேர்ல 24 பிட் வேவை மறுபடி 24 பிட் வேவாவே மாத்தினா, அதுவும் அதே எக்ஸ்டென்சிபிள் ஹெடரைத்தான் எழுதும். மாத்தியும் ஓடலன்னு புலம்பறவங்க பாதிப் பேருக்கு இதுதான் காரணம். அப்புறம் 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலும், ஃப்ளாக்கும் நெக்ஸஸ்ல ஏறாது. 2016-ல வந்த நெக்ஸஸ்-2-ல இருந்துதான் ரெண்டும் ஓடும்.

துள்ளல்

இவ்வளவு எதுக்கு? 320 எம்பி3 வாங்குங்க. எல்லா மெஷின்லயும் ஓடும். முடிஞ்சுது.

பேட்சத்தம்

ஹெடர் சரியாக இருந்தும் ஏமாற்றிய ஒரு டப்பைச் சொல்கிறேன். டீப் ஹவுஸ், 120 பிபிஎம், 16 பார் வெறும் டிரம்ஸ், பிறகு ரோட்ஸ் (எலெக்ட்ரிக் பியானோ) கார்டும், அகலமான பேடும் (நீண்டு நிற்கும் சிந்தசைசர் ஒலி) சேர்ந்து நுழைகின்றன. ஹெட்ஃபோனில் அந்த நுழைவு அற்புதம். ஸ்பீக்கரில் 17-வது பார் வந்தது, எதுவும் நுழையவில்லை. கிக், ஹை-ஹாட், பேஸ் மட்டும். பேட் இருக்க வேண்டிய இடத்தில் ரிவெர்பின் வால் மட்டும் தூரத்தில் கேட்கிறது. மிக்ஸரின் மீட்டரோ பாட்டு நிறைந்து ஓடுவதாகக் காட்டுகிறது.

அந்த அரங்கின் சிஸ்டம் மோனோ, இடதும் வலதும் கூட்டி ஒரே ஒலியாக வரும். சின்ன இடங்களில், மதுக்கூடங்களில், ஸ்பீக்கர் நாலு மூலையில் சிதறிக் கிடக்கும் இடங்களில் அதுதான் வழக்கம், தப்பும் இல்லை. தப்பு மிக்ஸிங்கில். பேடை அகலமாக்க ஒரு பக்கத்தின் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிவிடும் வைடனர் எஃபெக்ட் போட்டிருக்கிறார்கள். இடதையும் வலதையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துப் பூஜ்யமாகிவிடும்.

சிகாகோ ஹவுஸ் தயாரிப்பாளர் லாரி ஹெர்ட் 1986-இல் 'கேன் யூ ஃபீல் இட்' வெளியிட்டதிலிருந்து ஜூனோ-60 சிந்தசைசர் மாதிரியான பேட்தான் இந்த இசையின் முகம். ஜூனோவின் கோரஸ் எஃபெக்டும் அகலமானதுதான், ஆனால் அதில் கோரஸ் படாத மூல ஒலியும் நடுவில் கலந்தே வரும். மோனோவில் அகலம் போகும், ஒலி போகாது. இப்போது ஜூனோ ப்ளகினை வைத்து, அதன் கோரஸைப் போட்டு, அதற்கும் மேலே வைடனர் ஏற்றுகிறார்கள். பேராசை.

வாங்கிய அன்றே பார்க்க: இரு பக்க ஒலியும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் இருக்கும் எந்த இலவச ப்ளகினும் போதும். +1 என்றால் இரு பக்கமும் ஒன்று, 0 என்றால் தொடர்பில்லை, அதற்குக் கீழே போனால் மோனோவில் தேயும். பேட் வரும் இடத்தில் முள் -0.5 பக்கம் நின்றால் அந்த வெர்ஷனை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். இடது சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டி "மோனோ" என்று பெயரிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் இருக்கும் காங்கா டிரம், ஷேக்கர் குறையும், பேடாவது பிழைக்கும்.

துள்ளல் அவர்களுக்கு: 320 எம்பி3-யிலும் இந்தப் பேட் காணாமல்தான் போகும். ஃபார்மட் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை.

பழையவினைல்

"புது ரிலீஸ்" என்பதே பாதி நேரம் சந்தேகத்துக்குரியது. சென்ற ஆண்டு "ரீமாஸ்டர்" என்று புதுப் பட்டியலில் வந்த 90-களின் நியூ ஜெர்சி பாணி வோகல் ட்ராக் ஒன்று. பிரேக்டவுனில் எல்லாம் அடங்கி, பாடகி மட்டும் நிற்கும் இடம். அங்கே ஒரு சின்ன 'டிக்'. மறுபடி 'டிக்'. எண்ணினால் 1.8 நொடிக்கு ஒன்று.

33⅓ ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி. அதாவது கீறல் விழுந்த ஒரு பிளேட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதை ஷேக்கர் என்று நினைத்து ஏமாற முடியாது: 120 பிபிஎம்மில் 1.8 நொடி என்பது 3.6 பீட், அதனால் டிக் ஒவ்வொரு முறையும் பீட்டை விட்டு நகர்ந்துகொண்டே போகும். 45 ஆர்பிஎம் பிளேட் என்றால் 1.33 நொடிக்கு ஒன்று வரும்.

இன்னொரு சோதனை ஐஎஸ்ஆர்சி, ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண். 12 எழுத்து: முதல் இரண்டு நாடு, அடுத்த மூன்று பதிவாளர், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். நடுவில் 98 என்று இருந்தால் அது புதுப்பாட்டில்லை என்று உடனே தெரியும். ஆனால் இந்த முறை வந்ததே 1986-இல்தான், ரீமாஸ்டருக்குப் புது எண் கொடுப்பதும் உண்டு. ஆகவே புது ஆண்டு இருப்பதால் பாட்டும் புதிது என்று ஆகாது.

துள்ளல்

வினைல் ரிப்னாலே மோசடியா? சிகாகோ, நியூ ஜெர்சி சின்ன லேபிள்கள்ல பலதுக்கு மாஸ்டர் டேப்பே கிடையாது. டாட் (டிஜிட்டல்) டேப் கெட்டுப்போச்சு, இல்ல தொலைஞ்சுபோச்சு. நல்ல பிளேட்டைக் கழுவி, நல்ல காட்ரிட்ஜ்ல ஓட்டி எடுத்தாதான் அந்தப் பாட்டே மிஞ்சும். "பிளேட்டில் இருந்து எடுத்தது"ன்னு குறிப்புல போட்டா நான் காசு கொடுப்பேன். போடாம "ஒரிஜினல் டேப்"னு சொன்னா மட்டும்தான் தப்பு. சந்தேகம்னா அலைவரிசையைப் படமா காட்டற ஸ்பெக் சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க. 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னா, அது பிளேட்டும் இல்ல, டேப்பும் இல்ல. 128 எம்பி3-யை வேவ் உறையில போட்டு விக்கறாங்க.

பழையவினைல்

குறிப்பில் போட்டிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். போடவில்லை.

ஒன்பதாம்சுரம்

கீ (பாட்டின் ஆதார சுருதி) பற்றி யாரும் சொல்லவில்லையே. புது ரிலீஸில் கடையே கீ போட்டுத் தருகிறது, சாஃப்ட்வேரும் ஒன்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போனால் நம்பிவிடுகிறோம். 9ஏ என்று இரண்டும் சொன்ன ஒரு சோல்ஃபுல் ட்ராக் (டிஜேக்களின் கேமலாட் குறியீட்டில் 8ஏ என்றால் ஏ மைனர், 8பி சி மேஜர், 9ஏ ஈ மைனர்). அதன் மேல் 9ஏ அகபெல்லா. வெர்ஸ் முழுக்கத் தாங்கியது. கோரஸில் பாடகர் நீட்டிப் பிடித்த சுரத்துக்குக் கீழே பேஸ் வேறு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது. இரண்டு பார்தான், ஆனால் தளத்தில் தலைகள் திரும்பின.

காரணம் மைனர் 9 கார்டு. ஏ மைனர் 9-இல் ஏ, சி, ஈ, ஜி, பி. இதற்குள்ளேயே சி மேஜர் 7 முழுசாக இருக்கிறது (சி, ஈ, ஜி, பி), ஈ மைனரும் முழுசாக இருக்கிறது (ஈ, ஜி, பி). ரோட்ஸில் வலது கை மேல் சுரங்களையே வாசிக்கும், அடி ஏ-வைப் பேஸ்தான் பிடிக்கும். பேஸ் மெல்லியதாக இருந்தால் சாஃப்ட்வேர் அதை விட்டுவிட்டு 8ஏ-வுக்குப் பதில் 8பி என்றோ 9ஏ என்றோ எழுதும். டெக்னோவில் இந்தக் குழப்பம் குறைவு. ஜாஸ் கார்டு நிறைந்த நம் வகையில் தாராளம்.

சரிபார்க்கும் முறை: டிராப்புக்குப் பிறகு (கிக்கும் பேஸும் முழுசாக இறங்கும் இடம்) 4 பார் லூப் போடுங்கள், ஹை, மிட் இரண்டையும் முழுசாக இறக்குங்கள், பேஸ் எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்று கீபோர்டில் தேடுங்கள். அதை வைத்து டேக்கைத் திருத்துங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

கூடம்

ஹவுஸ் தயாரிப்பாளர் கெரி சாண்ட்லரின் 'ஸ்பேசஸ் அண்ட் ப்ளேசஸ்' (2022) வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம். பல கிளப்களுக்குள்ளேயே கருவிகளை விரித்துப் பதிவு செய்த ஆல்பம். அந்தக் கூடங்களின் எதிரொலி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கப்படி பிரேக்டவுனில் மிக்ஸர் ரிவெர்பைத் திறந்தால் கூடத்துக்குள் கூடமாகி, ஸ்நேரின் முன்விளிம்பு கரைந்து, டெம்போவே தளர்ந்த மாதிரி கேட்கும். எஃபெக்ட் வேண்டுமென்றால் ஹை-பாஸ் ஃபில்டர் மட்டும்.

தெற்குக்காற்று

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புது ரிலீஸ் வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் பெரிய பள்ளம் டெம்போ. நியூயார்க், லண்டன் பக்கத்து சோல்ஃபுல் ஹவுஸ் 120 முதல் 124. தென்னாப்பிரிக்காவில் டீப் ஹவுஸும் அந்நாட்டு நடன இசையான குவைட்டோவும் சேர்ந்து பெற்ற அமாபியானோ 110 முதல் 115. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், முன்னோட்டத்தில் ஒரே மனநிலை.

122-லிருந்து 113-க்கு நேராகப் போனால் -7.4 சதவீதம். மாஸ்டர் டெம்போ (வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்து வைக்கும் வசதி) இல்லாமல் போனால் சுருதி சுமார் 1.3 செமிடோன் இறங்கும். எந்தக் கீயிலும் நிற்காத இடம். மாஸ்டர் டெம்போ போட்டால் சுருதி நிற்கும், ஆனால் ரோட்ஸின் அடி மழுங்கும், நீட்டிய குரலில் ஒரு நடுக்கம் ஏறும். பழைய பிளேயரில் இன்னும் மோசம்.

படி வைத்து இறங்குங்கள்: 122, 119, 116, 113. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 2.5 சதவீதம், போகிற பாட்டும் வருகிற பாட்டும் ஆளுக்குப் பாதி சுமந்தால் 1.25. அந்த அளவில் மாஸ்டர் டெம்போ போட்டாலும் ரோட்ஸ் கலங்காது. பிச் ரேஞ்சை ±6-இலேயே வையுங்கள்; சிடிஜேயில் அங்கே ஒரு நகர்வு 0.02 சதவீதம், ±10-க்குப் போனால் 0.05. இடைப்படிக்கு வோகல் மிக்ஸ் வேண்டாம், இன்ஸ்ட்ருமென்டல் போதும். 118 முதல் 120-இல் ஓடும் தென்னாப்பிரிக்க டீப் ஹவுஸ் இதற்கென்றே செய்தது போல இருக்கும். அமாபியானோ சேரும் இடத்தில் இன்னொரு கவனம்: அதில் லாக் டிரம் என்ற ஆழமான தாள ஒலிதான் பேஸ். இரண்டு பாட்டின் பேஸும் 4 பாருக்கு மேல் சேர்ந்து ஓடக்கூடாது.

ஒரு இபியில் எதை வாங்குவது என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். காசு இரண்டுக்குத்தான் என்றால் மெயின் வோகலும் இன்ஸ்ட்ருமென்டலும். டப் என்று பெயர் போட்டாலும் சிலர் பாட்டையே மாற்றிவிடுகிறார்கள், வேறு பேஸ்லைன், வேறு கார்டு. வோகல் மிக்ஸிலிருந்து டப்புக்குத் தாவ முடியாது. ரேடியோ எடிட்டை மறந்துவிடுங்கள். 32 பார் இன்ட்ரோ 122-இல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எடிட்டில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

பன்னிரண்டங்குலம்

டிஜிட்டல்காரர்கள் மட்டும் அழுதால் எப்படி. புதுப் பிளேட், நாலு பாட்டு, 33 ஆர்பிஎம். வோகல் ட்ராக் ஏ-2-வில் (ஏ பக்கத்தின் இரண்டாவது பாட்டு). கடைசி கோரஸில் பாடகி 'ஸ' வரும் சொல்லைத் தொடும்போதெல்லாம் ஒலி சிதறுகிறது. அதே ஊசியில் ஏ-1 கண்ணாடி.

வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே லேபிளுக்கு அருகில் 21 செ.மீ. அதே 'ஸ' பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கி உட்காருகிறது. 45 ஆர்பிஎம்மில் உள்ளேகூட 28 கிடைக்கும். ஆகவே வாங்கும்முன் பார்க்க வேண்டியது: வோகல் ஏ-1-இலா பி-1-இலா, 33-ஆ 45-ஆ, ஒரு பக்கம் எத்தனை நிமிடம். 14 நிமிடம் அடைத்த 33-ல் அளவும் தாழ்ந்தே வரும். கூம்பு ஊசியைவிட எலிப்டிகல் உள்வட்டத்தில் கொஞ்சம் காப்பாற்றும்.

இரண்டாவது குறை நடுத்துளை. பேட் நீட்டி நிற்கும் டீப் ஹவுஸில்தான் இது அம்பலமாகும். மையம் அரை மி.மீ. விலகினால் 10 செ.மீ. ஆரத்தில் சுருதி மேலும் கீழும் 0.5 சதவீதம், அதாவது 8, 9 சென்ட், ஒவ்வொரு சுற்றிலும் அலையும். டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) பக்கவாட்டில் ஆடுவது கண்ணுக்கே தெரியும். துளையை லேசாக அகட்டி, ஆட்டம் நிற்கும் வரை தட்டை விரலால் தள்ளி வைத்தால் சரியாகும்.

பழையவினைல்

புதுப் பிளேட்டில் துளையை அகட்டாதீர்கள் ஐயா. 7.24 மி.மீ.-க்கு மேல் போனதும் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். முதலில் டோன்ஆர்ம் ஆடுவதை மேலிருந்து 10 நொடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதே அச்சில் வந்த இன்னொரு பிரதியில் துளை சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஏ-2 சிதறல் அப்படியில்லை. அது கட்டிங்கிலேயே வந்தது, மாற்றிக் கொடுத்தாலும் அதேதான் வரும்.