மசோக்கிசம் பாடக்குறிப்பு: ஓர் இடத்தில் சிக்கல், உதவுங்கள்

மனநலத் துறை நண்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்காக மசோக்கிசம், அதாவது வலியையோ அவமானத்தையோ தானே தேடிப்போகும் போக்கு, பற்றி ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. பாலியல் பகுதி சுலபமாக முடிந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 (2013) படி வலியிலோ அவமானத்திலோ பாலியல் கிளர்ச்சி வருவது மட்டும் நோய் ஆகாது. குறைந்தது 6 மாதம் நீடித்து, அதனால் மன உளைச்சலோ அன்றாட வாழ்வில் பாதிப்போ இருந்தால்தான் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதற்கெனத் தனிப் பெயரே வைக்கவில்லை.

இழுபறி உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டிடம்தான். 1924-இல் அவர் பிரித்த மூன்று வகைகளில் 'ஒழுக்க மசோக்கிசம்' பாலியல் சாயலே வெளியில் தெரியாதது. குற்றவுணர்வு தனக்கான தண்டனையைத் தேடிப்போகிறது. பதவி உயர்வு கைக்கு வரும்போது வேலையைச் சொதப்புபவர், உதவ வந்தவரையே விரட்டுபவர் எல்லாம் இதில் அடக்கம். இதன் வாரிசான 'தன்னைத் தோற்கடிக்கும் ஆளுமை' 1987-இல் டிஎஸ்எம்-இன் பழைய பதிப்பான டிஎஸ்எம்-3-ஆர் பின்னிணைப்பில் ஏறியது, 1994-இல் வந்த டிஎஸ்எம்-4-இல் காணாமல் போனது. அடிவாங்கும் பெண்ணையே பழிக்க இது வழிவிடும் என்ற எதிர்ப்பு நியாயமானதுதான்.

எனவே கேள்வி இது: இப்படித் தன்னையே தோற்கடித்துக்கொள்பவராகத் தெரிந்து உங்களிடம் வருபவரிடம் வன்முறைச் சூழல், பயம், மனச்சோர்வு இவற்றை முதலில் விலக்கிப் பார்க்க என்னென்ன கேட்கிறீர்கள்? தன்னை வெட்டிக்கொள்பவரையும் சிலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அங்கே பெரும்பாலும் தேடுவது இன்பமல்ல, தாங்கமுடியாத உணர்விலிருந்து சற்று விடுதலை. இதைக் காட்டும் மாதிரி உரையாடல், அடையாளம் நீக்கியது, இருந்தால் பகிருங்கள். ஸ்கீமா தெரபி (சிறுவயதில் வேரூன்றிய மனப்பாங்குகளை மாற்றும் உளச்சிகிச்சை) செய்பவர்கள் அவசியம் எழுதவும்.