தெற்கு ஜார்ஜியா: வரைபடத்தில் பனி, கண்ணெதிரே கடல்

பயணிகள் கப்பல் ஒன்றில் செகண்ட் ஆபீசராக இருந்தபோது இரண்டு கோடைப் பருவங்கள் தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்குச் சென்று வந்தேன். அங்கே விமான நிலையம் கிடையாது. ஃபாக்லாந்தின் ஸ்டான்லி துறைமுகத்திலிருந்து சுமார் 1,400 கி.மீ. கடலைக் கடந்தால்தான் தீவு கண்ணில் படும். பென்குயின்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் நினைவில் இன்றும் நிற்பது அந்தத் தீவின் கரைதான்.

சுமார் 165 கி.மீ. நீளமுள்ள அந்தத் தீவின் நடுவே 2,900 மீட்டரைத் தாண்டும் பேஜெட் சிகரத்தோடு மலைத்தொடர் ஒன்று ஓடுகிறது. ஓயாமல் அடிக்கும் மேற்குக் காற்றை அந்த மலைகள் மறித்துக்கொள்வதால், இரண்டு பக்கமும் ஒரே தீவுதானா என்று ஐயம் வரும். தென்மேற்குக் கரையில் பேரலைகள் நேரடியாகப் பாறையில் மோதுகின்றன. ஒதுங்க இடம் அரிது. வடகிழக்கிலோ கம்பர்லாந்து, ஸ்ட்ரோம்னஸ், ஃபார்ச்சூனா என்று விரிகுடாக்கள் உள்ளே ஆழமாக நுழைகின்றன. 1904இல் நார்வே நாட்டுக் கப்பல் தலைவர் லார்சன், கம்பர்லாந்து விரிகுடாவின் கிரிட்விக்கனில் தொடங்கிய திமிங்கிலத் தொழில் வடகிழக்குக் கரையிலேயே வேரூன்றியது இதனால்தான். 1916 மே மாதம் சிறு படகில் தென்மேற்குக் கரையின் கிங் ஹாக்கன் விரிகுடாவில் கரையேறிய அண்டார்டிக் பயணி ஷாக்கில்டன், வடகிழக்குக் கரையில் உதவி தேடி மலைகளையும் பனியாறுகளையும் 36 மணி நேரம் நடந்து கடக்க நேர்ந்ததும் இதனால்தான். அந்தக் கரையைக் கடலிலிருந்து பார்த்த பிறகுதான் அந்த நடையின் கடுமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

கரையை நெருங்கும்போது நாங்கள் முதலில் தேடுவது கெல்ப் எனும் நீண்ட பழுப்புக் கடற்பாசியை. அது பாறையைப் பற்றி வளர்வது. அதன் இலைகள் நீர்மட்டத்தில் மிதந்தால் அடியில் பாறை உண்டு என்று பொருள். வரைபடம் காட்டாத பாறைகளைக்கூட அது காட்டிக்கொடுத்திருக்கிறது.

நான் சொல்ல விரும்பும் அனுபவம் மேற்குக் கம்பர்லாந்து விரிகுடாவில் நேர்ந்தது. அதன் தலைமாட்டில் உள்ள நியூமாயர் பனியாறு பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கப்பலை வெளியே நிறுத்திவிட்டு, கையடக்க ஆழமானியோடு ரப்பர் படகில் நாங்கள் மூவர் உள்ளே சென்றோம். பனியாறு அரைத்து அனுப்பிய கற்பொடியால் நீர் வெளுத்துக் கலங்கியிருந்தது. கை விரலை அமிழ்த்தினால் நகம் தெரியவில்லை. படகிலிருந்த திரையைப் பார்த்தேன். எங்களைக் குறிக்கும் சிறு முக்கோணம், கரைக்கோட்டைத் தாண்டி, பனியாறு என்று வெள்ளையாகக் காட்டப்பட்ட பகுதியின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பனியின் முகப்போ இன்னும் வெகு தொலைவில் இருந்தது. கருவியில் பழுதில்லை, வரைபடம் வரைந்தவர்களும் தவறு செய்யவில்லை. அவர்கள் அளந்த காலத்தில் அங்கே பனிதான் இருந்தது.

இந்தப் பின்வாங்கல் கப்பல்காரர்களுக்கு மட்டும் கவலை தருவதன்று. கடல்வரை இறங்கிய பனியாறுகள், முன்பு கப்பல்களில் வந்து சேர்ந்த எலிகளுக்கு மதிலாக நின்றன. பனி விலகி வெற்றுக் கரை தோன்றினால் எலிகள் அடுத்த விரிகுடாவுக்குச் சென்று, நிலத்தில் வளை தோண்டி முட்டையிடும் பறவைகளை அழித்துவிடும். அந்த வழி திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று எலி ஒழிப்பை விரைந்து நடத்தினார்கள். 2018இல் தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது.

அன்று மாலை, நாங்கள் எடுத்த ஆழ அளவுகளை நேரத்தோடும் இருப்பிடத்தோடும் எழுதி, வரைபடம் வெளியிடும் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தோம்.